ஒரே பக்கத்து ரூல்ஸ்

சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்குப் பெரிய சகலை வீட்டுப் படி ஏறும்போதே லிஸ்ட்டுக்காரருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. மொத்தம் இருபத்திரண்டு படி. பன்னிரண்டாவதில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தாடை வலிக்கும்வரை வாயைத் திறந்து இன்னொன்றையும் விட்டு முடித்தார். மேலே போய்விட்டால் விட முடியாது. பெரிய சகலை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். பார்த்தால் மனசு கஷ்டப்படும்.

லிஸ்ட்டுக்காரர் என்பது பஸ் டிப்போவில் அவருக்கு விழுந்த பெயர். எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பது என்று வாரம் தவறாமல் லிஸ்ட் போட்டு ஒட்டுவது அவர் வேலை. கேட்பதற்கு என்னவோ சுலபமாகத்தான் இருக்கிறது. ஒரு டியூட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவில் எட்டு மணி நேரம் ஓய்வு இருக்க வேண்டும். ஆறு நாளுக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது. சீனியருக்கு நல்ல ரூட் தர வேண்டும். சீனியர் யார் என்பதற்குத் தனியாக ஒரு சர்க்குலர், அதைத் திருத்தி இன்னொன்று, திருத்தியது செல்லாது என்று மூன்றாவதாக ஒன்று. காலை ஆறு மணிக்கே ஜன்னலுக்கு வெளியே ஆள் நிற்பான். "ரூல்படி பாத்தா எனக்கு நாளைக்கு லீவு சார்" என்று ஆரம்பிப்பான். ரூல்படி பார்த்தால் உலகத்தில் எல்லாருக்கும் எல்லா நாளும் லீவுதான். இப்படி ஐந்தரை நாள் மண்டை காய்ந்து, சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தால், சாப்பிட்ட கை காய்வதற்குள் பெரிய சகலை வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். அங்கே போனால் அங்கேயும் ரூல்.

இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். பெரிய சகலை பல் செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டுக் கொடுப்பார். முப்பது வருஷம் அந்த வேலைதான். மிஞ்சின பிசினை வீணாக்குவானேன் என்று ஒருநாள் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு சிப்பாய் வார்த்தார். ஒன்று பத்தாகி, பத்து பட்டாளமாகிவிட்டது. நீலப் படையில் நாற்பது பேர், பழுப்புப் படையில் நாற்பது பேர். ஒவ்வொருவனுக்கும் மீசை உண்டு, பெல்ட் உண்டு, சட்டையில் ஊசிமுனை அளவுக்குப் பொத்தான்கூட உண்டு. பின்னறையில் இரண்டு ஸ்டூல்மேல் ஒரு பிளைவுட் பலகை, அதன்மேல் பச்சைத் துணி. துணிக்கடியில் தடிப் புத்தகத்தைச் செருகினால் மலை. பாத்திரம் தேய்க்கிற பஞ்சை வெட்டி நட்டால் தோப்பு. பதினைந்து வருஷமாகச் சனிக்கிழமைதோறும் இருவரும் அங்கே போர் நடத்திவந்தார்கள். தலை நரைத்த இரண்டு பேர் பொம்மை வைத்து விளையாடுகிறார்கள் என்று சொந்தபந்தமெல்லாம் சிரித்துச் சிரித்து அலுத்துப்போய் விட்டுவிட்டது.

ஆரம்பத்தில் ரூல்ஸ் நாலு பக்கம்தான். பெரிய சகலை முத்து முத்தான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். பிறகு எப்போது தகராறு வந்தாலும் ஒரு ரூல் சேரும். பக்கத்தில் தேதி போடுவார். மழை பெய்தால் பீரங்கி வண்டி எவ்வளவு மெதுவாகப் போகும், கொடி பிடிக்கிறவன் செத்தால் பக்கத்தில் நிற்கிறவன் எவ்வளவு பயப்படுவான், எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல். இப்போது நூற்றுப் பதினாலு ரூல், மூன்று இணைப்பு, ஒரு தடி ஃபைல். அதிலும் கடைசி இரண்டு மூன்று வருஷமாகச் சேர்ந்தவை உயிரை வாங்கின. பகடையைக் கையால் போடக் கூடாது, எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கித்தான் கவிழ்க்க வேண்டும். சிப்பாய்களைத் தனித்தனியாக எடுக்கக் கூடாது, பத்துப் பத்துப் பேராகத் தட்டில் வைத்துத்தான் நகர்த்த வேண்டும். போதாக்குறைக்கு, அவரவர் படையை அவரவர் நகர்த்தக் கூடாது. வாயால் உத்தரவு சொல்ல வேண்டும், எதிராளி நகர்த்த வேண்டும். ஏனாம்? "ஜெனரல் தானே போய் சிப்பாயைத் தூக்கி வெக்கிறானா சகலை?" என்று பெரிய சகலை கேட்டார். ஆனால் பெரிய சகலைக்குப் பதிலாகக் குனிந்து நிமிர்ந்து முதுகு போனது லிஸ்ட்டுக்காரருக்குத்தான். இவருக்குப் பதிலாக அவர் நகர்த்த வேண்டிய முறை வந்தால் மட்டும், "நீங்களே வெச்சுடுங்க, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்பார். கண் சரியில்லை என்றுதான் பல் செட் வேலையையும் விட்டிருந்தார். கையை மடியில் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். லிஸ்ட்டுக்காரர் மேசையைச் சுற்றிச் சுற்றி வருவார்.

போன சனிக்கிழமை நாலரை மணி நேரம் ஆடி மூன்று சுற்றுதான் முடிந்தது. இரண்டு பஞ்சு மரத்துக்கு நடுவே தெரியும் குதிரைப்படை 'தெரிகிறது' கணக்கா, 'பாதி தெரிகிறது' கணக்கா என்பதிலேயே ஒன்றேகால் மணி நேரம் ஓடியது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"என்னால முடியலடி" என்றார் மனைவியிடம்.

"முடியலன்னா போகாதீங்க."

"போகாம இருந்தா உங்க அக்கா என்ன நினைப்பாங்க."

"அக்கா நினைக்கிறது இருக்கட்டும். அத்தான் வேலையை விட்டதுல இருந்து வெளியவே போறதில்லையாம். வாரம் பூரா சனிக்கிழமை எப்ப வரும்னு உக்காந்திருக்காராம். போறதா இருந்தா சிரிச்ச மூஞ்சியோட போங்க. இப்படித் தூங்கி வழிஞ்சுக்கிட்டுப் போறதுக்குப் போகாமலே இருக்கலாம்."

அதுவும் சரிதான் என்று பட்டது. ஒன்று ரூலைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் சனிக்கிழமையையே விட்டுவிட வேண்டும். விட்டுவிடவும் மனசில்லை. அந்த மனுஷனைத் தவிர லிஸ்ட்டுக்காரருக்கும் வேறு சிநேகிதம் கிடையாது. டிப்போவில் அவரைப் பார்த்துச் சிரிக்கிறவனெல்லாம் லீவு கேட்கத்தான் சிரிக்கிறான்.

புதன்கிழமை மதியம், பழைய டியூட்டி ஷீட் ஒன்றின் பின்பக்கத்தில் ஒரே மூச்சில் எழுதி முடித்தார். ஏழே வரி. ஒருவர் முடித்ததும் அடுத்தவர். காலாள் ஒரு சாண், குதிரை இரண்டு சாண்; டேப் வேண்டாம், கை போதும். சுடுவது மூன்று சாண் தூரம்; பகடையில் நாலோ அதற்கு மேலோ விழுந்தால் எதிரி காலி. அவரவர் பொம்மையை அவரவர் எடுத்து வைக்க வேண்டும். செத்தவனைப் படுக்க வைக்க வேண்டும், படுத்திருப்பவன் செத்தவன். பாதிப் படை படுத்தால் தோல்வி. சந்தேகம் வந்தால் வாயாடாமல் பகடை போடு. எழுதிவிட்டு இரண்டு தரம் படித்தார். டிப்போவையே இப்படி ஏழு வரியில் நடத்தலாம் போலிருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு டீ ருசித்தது.

அந்தத் தாள்தான் இப்போது சட்டைப் பையில் இருந்தது.

கதவைத் திறந்த அண்ணி கையோடு டீயும் கொண்டுவந்தாள். அண்ணி என்றால் பெரிய சகலையின் மனைவி. லிஸ்ட்டுக்காரருக்கு விளிம்பு வரை தளும்பும் டம்ளர். கணவருக்கு அரை டம்ளர்.

"பாத்தீங்களா சகலை, விருந்தாளிக்கு முழுசு, வீட்டுக்காரனுக்கு அரை" என்றார் பெரிய சகலை. "ரெண்டு வருஷமா இதே அளவுதான். நான் வேலைய விட்டதும் ரேஷனை வெட்டிட்டா."

"குடிச்சா போதாதா, பேச்சு வேற" என்று அண்ணி உள்ளே போனாள். பெரிய சகலை வழக்கம்போல டம்ளரோடு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று குடித்துவிட்டு வந்தார். விளையாட்டு மேசையில் டீ கூடாது என்று ஒரு ரூல் இருந்தது.

பின்னறையில் உட்கார்ந்ததும் லிஸ்ட்டுக்காரர் தாளை நீட்டினார். பெரிய சகலை வாங்கவில்லை. "மேசையில வைங்க" என்றார். மூக்குக் கண்ணாடியோடு குனிந்து படித்தார். ஏழு வரியைப் படிக்க அவ்வளவு நேரமா என்று தோன்றும் அளவுக்குப் படித்தார்.

"டம்ளர் என்னாச்சு?"

"டம்ளர் எதுக்குண்ணே. கையில எடுத்துப் போட வேண்டியதுதான்."

"தட்டு?"

"தட்டு வெக்கிறதாலதான் மூலை இடிக்குதா, மரத்துல முட்டுதான்னு அரை மணி நேரம் போகுது. ஆளுக்கு ஆள் எடுத்து வைப்போம்."

"உத்தரவு சொல்றது?"

"அது வேண்டவே வேண்டாம்ணே. ரெண்டு பட்டாளத்தையும் நானே தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போச்சு."

பெரிய சகலை கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாத்தான் இருக்கு. அடுத்த வாரம் ஆடலாமே. நான் ஒரு தடவை நிதானமாப் பாத்து, சிலதைச் சேத்து…"

சேர்த்து என்ற வார்த்தையைக் கேட்டதும் லிஸ்ட்டுக்காரருக்குள் ஏதோ ஒன்று அப்படியே உட்கார்ந்துவிட்டது. கோபம்கூட இல்லை, அலுப்புத்தான். "அண்ணே, எனக்கு முடியல" என்றார். "வாரம் பூரா ரூலைக் கட்டிக்கிட்டு அழுறேன். இங்க வந்தும் அதேதான்னா நான் வரல. கோவிச்சுக்காதீங்க. இப்படி ஆடுறதா இருந்தா வரேன். இல்லேன்னா இத்தோட விட்டுடலாம்."

சொன்ன பிறகு, கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. பெரிய சகலை பச்சைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, ஆடுவோம்" என்றார்.

எப்போதும்போல லிஸ்ட்டுக்காரரே இரண்டு படையையும் அடுக்கினார். நீலப் படை, பல் வரிசை மாதிரி நெருக்கமாக, மலைக்கு முன்னால். பழுப்பு இந்தப் பக்கம். முதல் முறை பழுப்புக்கு, அதாவது லிஸ்ட்டுக்காரருக்கு. சாண் போட்டார், எடுத்து வைத்தார், பகடை உருட்டினார், எதிரில் ஒருவனைப் படுக்க வைத்தார். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிஷம். மனசு லேசாகிவிட்டது. "பாத்தீங்களாண்ணே, இவ்வளவுதான்."

பெரிய சகலையின் வலது கை பேண்ட் பையில் இருந்தது. இடது கையை நீட்டினார். அது துணிக்கு மேலே ஓர் அங்குலம் உயரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. முதல் சிப்பாயைப் பிடித்தார், தூக்கினார், வைத்தார். அவன் சாய்ந்து, சமாளித்து நின்றான். இரண்டாமவனை எடுக்கப் போனபோது விரல் பக்கத்தவன் தோளில் இடித்தது. அவன் அடுத்தவன்மேல் சாய்ந்தான். அவன் அதற்கடுத்தவன்மேல். சடசடவென்று முன்வரிசை விழுந்தது. விழுகிற வேகத்தில் பின்வரிசையையும் வாரிக்கொண்டு போனது.

பெரிய சகலை கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"படுத்திருப்பவன் செத்தவன். அப்படித்தானே எழுதியிருக்கீங்க?"

வேண்டுமென்றே தட்டிவிட்டார் என்றுதான் லிஸ்ட்டுக்காரர் நினைத்தார். தன்னுடைய பழைய ரூலையெல்லாம் தூக்கியெறிந்ததற்கு இப்படி வீம்பு பிடிக்கிறார் என்று நினைத்தார். அந்த எரிச்சலில், ஐந்தரை நாளும் ஜன்னலுக்கு வெளியே கேட்கிற அதே குரல் தன் வாயிலிருந்தே வந்தது.

"ரூல்படி பாத்தா அப்படித்தான்."

பெரிய சகலை எண்ணினார். நிதானமாக, ஒவ்வொன்றாக. "இருபத்தி மூணு. பாதிக்கு மேல. நான் தோத்துட்டேன்." எழுந்துகொண்டார். "நல்ல ரூல்ஸ் சகலை. சீக்கிரம் முடிஞ்சுடுது. எனக்குக் கொஞ்சம் அசதியா இருக்கு, படுக்கிறேன்." வாசல்வரை போனவர் திரும்பி, அலமாரியைக் கண்ணால் காட்டினார். "அந்த ஃபைலையும் எடுத்துக்கிட்டுப் போங்க. இனிமே எனக்கெதுக்கு."

லிஸ்ட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். என்ன மனுஷன் இவர், அறுபது வயசில் குழந்தை மாதிரி, என்று வழியெல்லாம் புலம்பினார். ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. இவரும் செய்யவில்லை.

திங்கட்கிழமை மதியம் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எவ்வளவு வேண்டாத ரூல் இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் அடித்துக் காட்டி, அந்த மனுஷனிடம் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று எண்ணம். பென்சிலைச் சீவிக்கொண்டார். முதல் ஐம்பது ரூல் சுலபமாகப் போனது. அதெல்லாம் மழை, சேறு, பீரங்கி. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. எண்பதைத் தாண்டியதும் எழுத்து கொஞ்சம் சின்னதாகியது. எண்பத்தெட்டில் இன்னும் சின்னதாகி, வரி மேலும் கீழும் இழுத்துக்கொண்டு போனது. எண்பத்தொன்பதிலிருந்து கையெழுத்தே இல்லை; எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்தது.

பென்சிலைக் கீழே வைத்தார்.

இந்தத் தொழிலில் இருபது வருஷம் இருந்ததில் அவருக்கு ஒன்று தெரியும். எந்தச் சர்க்குலருக்கும் பின்னால் ஓர் ஆள் இருப்பான். எட்டு மணி நேர ஓய்வு என்று ஒரு ரூல் இருந்தால், என்றைக்கோ ஒருவன் ஸ்டியரிங்கில் தூங்கியிருக்கிறான் என்று அர்த்தம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிரைவர் வாராவாரம் வந்து, ரூல் காட்டிக் காட்டி, சாயங்கால டியூட்டியை மாற்றிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு நியாயமான காரணம். லிஸ்ட்டைப் பார்த்தே இவர் கண்டுபிடித்தார், அவனுக்கு இருட்டத் தொடங்கினால் கண் தெரியவில்லை என்று. டிப்போவே அசந்துபோனது. லிஸ்ட்டுக்காரருக்குத் தாளைக் காட்டினால் ஆளைச் சொல்லிவிடுவார் என்று பெயர் வந்தது.

எண்பத்தெட்டாவது ரூல்: பகடையை டம்ளரில் குலுக்க வேண்டும். குலுக்குகிற கை நடுங்கினால் யாருக்குத் தெரியப்போகிறது. அப்புறம் தட்டு. அப்புறம் மேசையில் டீ கூடாது. அதற்கு முந்தின வாரம் துணியில் டீ கொட்டியதும், பெரிய சகலை டம்ளர் சூடாக இருந்தது என்று சொன்னதும் நினைவுக்கு வந்தன. விருந்தாளியே படையை அடுக்க வேண்டும். எதிராளியே நகர்த்த வேண்டும். பகடையால் அல்லாமல் வேறு எதனால் விழுந்தாலும் அந்தச் சிப்பாய் சாகவில்லை, பேச்சில்லாமல் எடுத்து நிறுத்த வேண்டும். இதற்கு மட்டும் அடிக்கோடு போட்டிருந்தது. எண்பத்தெட்டிலிருந்து நூற்றுப் பதினாலு வரை இருபத்தேழு ரூல். எல்லாம் ஒரே ஒரு கைக்காக. ஊசிமுனையில் பொத்தான் வரைந்த கை. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

ரூல்படி பாத்தா அப்படித்தான் என்று அந்த மனுஷன் முகத்துக்கு நேரே சொன்னோமே என்று லிஸ்ட்டுக்காரருக்குக் கூசியது. போன் அடித்தது. மனைவி.

"அக்கா பேசினா. அத்தான் காலையில இருந்து பொம்மையெல்லாம் பெட்டியில போட்டுக் கட்டிட்டு இருக்காராம். யாராவது சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்குக் குடுத்துடப் போறாராம். என்னங்க பண்ணீங்க அங்க போய்?"

"ஒரு பக்கம் எழுதினேன்" என்றார் லிஸ்ட்டுக்காரர்.

அரை நாள் லீவுக்கு முதல்நாளே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது ரூல். அவர் ஜன்னலைத் திறக்கவே இல்லை. வெளியே நின்ற இரண்டு டிரைவர்களிடம் "நாளைக்கு வாங்கப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தார். இந்தத் தடவை படியில் எங்கும் நிற்கவில்லை.

அண்ணி கதவைத் திறந்தாள். ஒன்றும் கேட்காமல் பின்னறையைக் காட்டினாள்.

பச்சைத் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு பெட்டி கட்டி முடிந்திருந்தது. இன்னொன்றுக்குக் கயிறு சுற்றியிருந்தது, முடிச்சு விழவில்லை. பெரிய சகலை அதன் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். எத்தனை நேரமாக அந்த முடிச்சோடு மல்லுக்கட்டினாரோ தெரியாது. இவரைப் பார்த்ததும் கையைப் பையில் விடப் போனார். தரையில் உட்கார்ந்திருந்ததால் முடியவில்லை.

லிஸ்ட்டுக்காரர் எதிரே உட்கார்ந்தார்.

"எத்தனை நாளாண்ணே?"

பெரிய சகலை கையைப் பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல. "ரெண்டே முக்கால் வருஷம் இருக்கும். முதல்ல வலது கை மட்டும்தான். இப்ப ரெண்டும்."

"டாக்டர்?"

"ஒரு தடவை போனேன். ஒரு பேர் சொன்னார். மாத்திரை குடுத்தார். யாருக்கும் தெரியாம எடுத்துக்கிட்டிருக்கேன்."

"அண்ணிக்குத் தெரியாமயா?"

"கண்ணுன்னு சொல்லியிருக்கேன். முப்பது வருஷம் கையை நம்பிச் சாப்பிட்ட ஆளு, சகலை. கை போயிடுச்சுன்னு எப்படிச் சொல்றது."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல. இருபத்தேழு ரூல் எழுதியிருக்கீங்க. எனக்குக் கை நடுங்குது சகலைன்னு ஒரு வரி போதுமே."

"அந்த ஒரு வரியைச் சொல்ல வாய் வரல. அதான் இருபத்தேழு எழுதினேன்." பெரிய சகலை பெட்டியை ஓரமாகத் தள்ளினார். "சனிக்கிழமை மட்டும் இல்லேன்னா எனக்கு வாரத்துல ஒண்ணுமே கிடையாது. நீங்க தெரிஞ்சுக்கிட்டா பாவம் பாத்துத் தோத்துக் குடுப்பீங்க. அப்புறம் அது ஆட்டமா?"

"பதினஞ்சு வருஷத்துல நான் உங்ககிட்ட எத்தனை தடவை ஜெயிச்சிருக்கேன்? தனியாத் தோத்து வேற குடுக்கணுமாக்கும்."

பெரிய சகலை சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். லிஸ்ட்டுக்காரர் இரண்டு பெட்டிக் கயிற்றையும் உருவினார். துணியை விரித்து, மலைக்குப் புத்தகம் செருகி, இரண்டு படையையும் அடுக்கினார்; பெரிய சகலை எழுந்து மேசைக்கு வந்து உட்கார்ந்தார். தன்னுடைய ஒரு பக்கத் தாள் ஜன்னலோரம் கிடந்தது. எடுத்து மேசையில் வைத்தார். பையில் கொண்டுவந்திருந்த ஃபைலை வெளியே எடுக்கவில்லை.

"இதுலயே ஆடுவோம். அவரவர் பொம்மையை அவரவர்ங்கிற நாலாவது வரி மட்டும் வேண்டாம். உங்களுதையும் நானே வெக்கிறேன்."

"அப்புறம் உங்க இடுப்பு?"

அப்போது அண்ணி டீயோடு வந்தாள். நேராக விளையாட்டு மேசையிலேயே வைத்தாள். லிஸ்ட்டுக்காரருக்கு முழு டம்ளர். கணவருக்கு அரை.

லிஸ்ட்டுக்காரர் அந்த அரை டம்ளரைப் பார்த்தார். ரெண்டு வருஷமா இதே அளவுதான். நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. பெரிய சகலையும் டம்ளரைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டார் பெரிய சகலை.

"முழுசா ஊத்தினா சிந்துது. துணியெல்லாம் நான்தானே துவைக்கிறேன்" என்றாள் அண்ணி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க ரூல் எழுதிக்கிட்டே இருந்தீங்க."

பெரிய சகலை நடுங்குகிற இரண்டு கையையும் மேசைமேல் எடுத்து வைத்தார். பையில் இல்லாமல், மடியில் இல்லாமல், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தார். அண்ணி அதைக் கவனிக்காதவள்போல மேசையில் கிடந்த தாளை எடுத்துப் படித்தாள். நின்றபடியே படித்து முடித்துவிட்டாள்.

"இவ்வளவுதானா ஆட்டம்?"

"இவ்வளவுதான் அண்ணி."

"பதினஞ்சு வருஷமா அந்தத் தலையணை ஃபைலைப் பாத்துப் பயந்துக்கிட்டுல்ல இந்த ரூம் பக்கமே வராம இருந்தேன்." அவள் ஸ்டூலை இழுத்துக் கணவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நீங்க உங்களுதை மட்டும் பாருங்க தம்பி. நீலத்தை நான் பாத்துக்கிறேன்." அவர் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க. எவனை எடுக்கணும்?"

பெரிய சகலை மேசைமேல் குனிந்தார்.

"அந்த மலைக்கு முன்னாடி நிக்கிறானே, மீசைக்காரன். அவனை ஒரு சாண் முன்னால வை."

"எல்லாருக்கும் மீசை இருக்கு."

"வலது ஓரம்."

அவள் சாண் போட்டாள். அவளுடைய சாண் ஆண்களுடையதைவிட இரண்டு விரல் குறைச்சல்தான். லிஸ்ட்டுக்காரர் அதைப் பார்த்தார். ரூல் ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்தார்.